வர்ணமும் தூரிகையும் வாங்கப் போகிறீர்களா?

இந்தப் பக்கத்தில் வழக்கமாக நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்றுதான் எழுதி வருகிறோம். இம்முறை ஓவியம் வரையத் தொடங்குபவர்கள் எந்த வர்ணம், எந்தத் தூரிகை, எந்தத் தாள் வாங்கலாம் என்று எழுதப் போகிறோம். மருத்துவப் பக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். எமது மூத்தோர் ஒன்றுகூடலில் சிலர் வரையத் தொடங்கியிருக்கிறார்கள். வேறு சிலருக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்தநாளுக்கு வர்ணப் பெட்டி வாங்கிக் கொடுக்கிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குபவர்கள் குறைவு. கடையில் கேட்டால் வர்ணத்தின் அழகைச் சொல்வார்கள். உங்கள் நெஞ்சில் உள்ள இழுப்பும், கை நடுக்கமும், கண்ணில் படரும் புரையும் அவர்களுக்குத் தெரியாது.

ஓர் உதாரணம் சொல்கிறோம். எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஐயா. ஆளை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். பல வருடங்களாகக் கட்டுப்பாட்டில் இருந்த ஆஸ்த்மா ஒரு தை மாதத்தில் திடீரென்று கூடியது. இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறாரா என்று பார்த்தோம், இழுத்தார். வீட்டில் ஈரக்கசிவு இல்லை, பூனை இல்லை, புகைப்பவர் இல்லை. "புதிதாக ஏதாவது செய்கிறீர்களா ஐயா?" என்று கேட்டபோதுதான் முகம் மலர்ந்து சொன்னார்: பேத்தி எண்ணெய் வர்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறாள், சின்ன அறையில் இருந்து தினமும் வரைகிறேன் என்று. குளிருக்காக யன்னல் பூட்டி. மேசையில் மூடாத போத்தலில் ரேர்ப்பன்ரைன். படம் வரைவதை நிறுத்தச் சொல்லவில்லை. வர்ணத்தை மாற்றச் சொன்னோம். சில கிழமைகளில் இருமல் தணிந்தது.

நோயாளிக்கு ஓவியம் துணையாகும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938இல் காசநோய் கண்டு, சசெக்ஸில் மிட்ஹேர்ஸ்ட் அருகே இருந்த ஏழாம் எட்வேர்ட் மன்னர் சனற்றோறியத்தில் சேர்க்கப்பட்டார். படுக்கையில் இருந்தபடியே கண்ணில் பட்டதை வரைந்தார். பிறகு பக்கத்துக் கட்டில்காரரையும், போரில் காயப்பட்டு வந்தவர்களையும் வரையத் தூண்டினார். 'கலைச் சிகிச்சை' என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரை 1942இல் வைத்தவர் அவர்தான். எமது ஊரும் இதில் பின்தங்கி இருக்கவில்லை. அதே 1938இல் யாழ்ப்பாணத்தில் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். பின்னாளில் மாற்கு மாஸ்டர் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை நடத்தினார். அந்தப் பெயரே அழகு. வேறு வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறையில் வரைந்தாலும் ஓவியர்தான்.

2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டது. அதே வருடத்தில் இருந்து இங்கிலாந்தின் ஜீ.பி. நிலையங்களில் 'சமூகப் பரிந்துரை' செய்யும் இணைப்பாளர்கள் பரவலாகப் பணியாற்றத் தொடங்கினார்கள். தனிமையில் வாடும் ஒருவரை உள்ளூர் ஓவிய வகுப்புக்கு அனுப்பி வைப்பது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. உங்கள் ஜீ.பி. நிலையத்து வரவேற்பு மேசையில் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஓவியம் மாத்திரைக்குப் பதில் அல்ல. வரையத் தொடங்கிவிட்டேன் என்று பிறஷர் குளிசையை நிறுத்தியவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.

எண்ணெயா, தண்ணீரா?

ஓவியம் என்றால் எண்ணெய் வர்ணம்தான், மற்றதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று ஓர் எண்ணம் எம்மவரிடம் உண்டு. அதை விட்டுவிடலாம். எண்ணெய் வர்ணத்தில் உள்ள ஆளிவிதை எண்ணெய் பெரிய தீங்கு செய்வதில்லை. அதை இளக்கவும், தூரிகை கழுவவும் பாவிக்கும் ரேர்ப்பன்ரைனும் வைற் ஸ்பிரிற்றும்தான் பிரச்சினை. அவற்றின் ஆவி தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் கொடுக்கும், சுவாசக் குழாயை எரிச்சற்படுத்தும். ரேர்ப்பன்ரைன் சிலருக்குக் கைத்தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். மணம் இல்லாத கரைப்பான் என்று விற்பதிலும் ஆவி உண்டு. மூக்குக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம். வெயில் அடிக்கும் யாழ்ப்பாணத்து விறாந்தையில் இருந்து வரைவது வேறு. மார்கழி மாதம் ஈஸ்ட்ஹாமில் ஒரு பிளாற்றில் ஹீற்றர் போட்டு, கதவு யன்னல் எல்லாம் அடைத்துக்கொண்டு வரைவது வேறு.

ஆகவே தொடங்குபவர்களுக்கு எமது ஆலோசனை தண்ணீரில் கரையும் வர்ணங்கள்தான். அதில் இரண்டு முக்கியமானவை: நீர்வர்ணம், அக்ரிலிக்.

நீர்வர்ணம் என்பது நிறப்பொடியை அக்கேசியா மரத்துப் பிசினில் குழைத்தது. தண்ணீரைத் தவிர வேறொன்றும் தேவையில்லை. மணம் இல்லை. சிறிய பெட்டி, சிறிய மேசை போதும். கதிரையை விட்டு எழும்ப முடியாதவர் மடியில் ஒரு தட்டு வைத்துக்கொண்டும் வரையலாம். நீர்வர்ணப் பெட்டிக்கு லண்டனைத் தாய்வீடு என்றே சொல்லலாம். ரீவ்ஸ் சகோதரர்கள் இங்கே கட்டி வர்ணம் செய்து 1781இல் கலைச் சங்கத்தின் வெள்ளித் தட்டுப் பரிசு பெற்றார்கள். 1832இல் வில்லியம் வின்சரும் ஹென்றி நியூட்டனும் ரத்போன் பிளேஸில் கடை திறந்தார்கள். கல்லுப் போல இருந்த கட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கரைக்க வேண்டியிருந்த காலத்தில், கிளிசரின் சேர்த்து, ஈரத் தூரிகை பட்டவுடன் கரையும்படி ஆக்கியது அவர்களுடைய கடை. இன்று நாம் வாங்கும் சின்னச் சதுரக் கட்டிகள் அந்த வழியில் வந்தவை.

நீர்வர்ணத்தில் ஒரு கஷ்டம் உண்டு. தவறாகப் போட்ட கோட்டை மூட முடியாது. வெள்ளை வேண்டும் என்றால் தாளின் வெள்ளையை விட்டுவைக்க வேண்டும். கை நடுங்குபவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் இது மனச்சோர்வைத் தரும். அவர்களுக்கு அக்ரிலிக் நல்லது. இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும். பிடிக்காவிட்டால் அதன் மேலேயே வேறு நிறம் பூசலாம், எத்தனை தரம் வேண்டுமானாலும். காய்ந்தபின் அது பிளாஸ்ரிக் படலம், தண்ணீர் கரைக்காது. அதனால் தூரிகையைக் காயவிட்டால் தூரிகை போய்விட்டது என்று அர்த்தம். நல்ல சேர்ட்டோடு அக்ரிலிக் பக்கம் போகாதீர்கள். அதில் கலக்கும் பழுதடையாமற் காக்கும் மருந்துகள் சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும். எக்ஸிமா உள்ளவர்கள் நைற்றைல் கையுறை போட்டுக்கொள்வது புத்தி.

எண்ணெய் வர்ணத்தை விடமாட்டேன் என்று நிற்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. தண்ணீரில் கலக்கக்கூடிய எண்ணெய் வர்ணங்கள் வருகின்றன. வின்சர் அன்ட் நியூட்டனின் ஆர்ட்டிசன் அப்படிப்பட்டது. கரைப்பான் தேவையில்லை, சவர்க்காரமும் தண்ணீரும் தூரிகையைச் சுத்தமாக்கும்.

சோக்குப் பொடி போன்ற பாஸ்ரல் குச்சிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அழகானவை. ஆனால் தூசு பறக்கும். ஆஸ்த்மா உள்ளவர்கள் அதற்குப் பதிலாக எண்ணெய்ப் பாஸ்ரல் வாங்கலாம்.

ரியூபின் பின்பக்கத்தை வாசியுங்கள்

மருந்துப் பெட்டியை வாசிக்கச் சொல்வது போலத்தான் இதுவும். ரியூபின் முன்பக்கத்தில் இருப்பது வியாபாரப் பெயர். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் நிறமியின் இலக்கம் இருக்கும். பி.டபிள்யூ. 6 என்றால் டைற்றேனியம் வெள்ளை. பயமில்லாமல் பாவிக்கலாம். பி.டபிள்யூ. 1 என்றால் ஈய வெள்ளை. பி.வை. 34 என்றால் ஈயம் கலந்த குரோம் மஞ்சள். பி.ஆர். 106 என்றால் பாதரசம் உள்ள வேர்மிலியன். இவை இன்று சாதாரணக் கடைத் தட்டில் கிடைப்பதில்லை. ஆனால் கார் பூட் விற்பனையிலும் சரிற்றிக் கடைகளிலும், இறந்துபோன யாரோ ஓவியரின் பழைய பெட்டி ஐந்து பவுணுக்குக் கிடைக்கும். எம்மவருக்கு மலிவு என்றால் கை நீளும். பழைய எண்ணெய் வர்ண ரியூப்கள், முக்கியமாக 'பிளேக் வைற்' என்று எழுதியவை, பேரப்பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டுக்குள் வரவே கூடாது. பிரேசில் நாட்டின் பெரும் ஓவியர் கண்டிடோ போர்ட்டினாரியை வர்ணத்தைக் கைவிடும்படி வைத்தியர்கள் எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை. 1962இல் ஈய நஞ்சால் இறந்தார்.

கட்மியம் என்ற பெயர் கொண்ட சிவப்பும் மஞ்சளும் இன்றும் விற்பனையில் உள்ளன. கட்மியம் நஞ்சுதான். ஆனால் குழைத்த வர்ணத்தைத் தாளில் பூசுவதால் அது உடம்புக்குள் போய்விடாது. வாய்க்குள் போனாலோ, காய்ந்ததை உரஞ்சிப் பொடியாகச் சுவாசித்தாலோதான் ஆபத்து. 2013இன் கடைசியில் சுவீடன், ஓவியர் வர்ணங்களில் கட்மியத்தைத் தடைசெய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்மொழிந்தது. அவர்கள் சொன்ன காரணம் சுவாரசியமானது. ஓவியர்கள் தூரிகையைக் குழாயடியில் கழுவுகிறார்கள், அது கழிவுநீர்ச் சேற்றில் சேர்கிறது, அந்தச் சேறு வயலுக்கு உரமாகிறது, கடைசியில் சாப்பாட்டுக் கோப்பைக்கு வருகிறது என்பது வாதம். ஆபத்தின் அளவு மிகக் குறைவு என்று 2015இல் அந்த முன்மொழிவு கைவிடப்பட்டது. என்றாலும் அதில் இருந்து ஒரு நல்ல பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: தூரிகையைக் கழுவுமுன் பேப்பரில் நன்றாகத் துடைத்து, அந்தப் பேப்பரைக் குப்பையில் போடுங்கள்.

தொடங்குபவர்களுக்கு உண்மையான கட்மியம் தேவையே இல்லை. ரியூபில் நிறத்தின் பெயருக்குப் பின்னால் 'ஹியூ' என்று எழுதியிருந்தால், அந்த நிறத்தைப் போன்ற வேறு நிறமி என்று பொருள். 'கட்மியம் றெட் ஹியூ' என்பதில் கட்மியம் இல்லை, விலையும் குறைவு. மாணவர் தரம் என்று விற்கும் வர்ணங்களில் பெரும்பாலும் இதுதான் வரும். வின்சர் அன்ட் நியூட்டனின் கொட்மன் நீர்வர்ணம், அவர்களுடைய கலேரியா அக்ரிலிக், டேலர் ரௌனியின் சிஸ்ரம் 3 எல்லாம் மாணவர் தரம்தான். முதல் இரண்டு வருடத்துக்கு அதற்கு மேலே போக வேண்டாம். பிள்ளைகளும் சேர்ந்து வரைவதானால், விளையாட்டுப் பொருள் பாதுகாப்புக்கான ஈ.என். 71 அடையாளம் உள்ளதைத் தேடுங்கள்.

நாற்பத்தெட்டு நிறப் பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். ஆறு நிறம் போதும்: லெமன் மஞ்சள், மஞ்சட் காவி, பேர்மனன்ட் றோஸ், அல்ட்ராமரீன் நீலம், தலோ நீலம், பேர்ன்ட் சியன்னா என்ற செங்காவி. அக்ரிலிக் என்றால் பெரிய வெள்ளை ரியூப் ஒன்று. அல்ட்ராமரீனையும் செங்காவியையும் கலந்தால் வரும் சாம்பல் நிறத்தில் லண்டன் வானத்தை வருடத்தில் பத்து மாதத்துக்கு வரைந்து தள்ளலாம். அல்ட்ராமரீனில் லெமன் மஞ்சளும் ஒரு துளி செங்காவியும் சேர்த்தால் பனையோலைப் பச்சை வரும். பெட்டியில் ஆயத்தமாக வரும் பச்சை இங்கிலாந்துப் புல்லுக்குத்தான் சரி.

தூரிகை

இதில் அதிகம் சொல்வதற்கு இல்லை. நீர்வர்ணத்துக்கு 8ஆம் அல்லது 10ஆம் இலக்க உருண்டைத் தூரிகை ஒன்று, முக்கால் அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று, நுணுக்க வேலைக்கு 4ஆம் இலக்கம் ஒன்று. மூன்றும் நைலோன் வகையாக இருக்கட்டும். இருபது தூரிகை ஒரு பவுணுக்கு என்று வருபவற்றில் மயிர் உதிர்ந்து தாளில் ஒட்டும். ஈரமாக்கி உதறினால் நுனி கூராக வரவேண்டும். இதுதான் சோதனை. கடையில் தண்ணீர் வைத்திருந்தால் கேட்டுச் சோதியுங்கள்.

சைவ உணவுக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. விலையுயர்ந்த சேபிள் தூரிகை ஒருவகை மரநாயின் வால் மயிர். எண்ணெய் வர்ணத்துக்கு விற்கும் வெள்ளைத் தடித்த தூரிகை பன்றி மயிர். 'ஐவரி பிளாக்' என்ற கறுப்பு எரித்த எலும்பு. சில தாள்களுக்கு ஜெலற்றின் பூசுவார்கள். விரதம் இருக்கும் அம்மம்மாவுக்குப் பரிசு வாங்கும்போது இதை யோசியுங்கள். நைலோன் தூரிகையும் விலங்குப் பொருள் இல்லாத வர்ணமும் தாராளமாகக் கிடைக்கின்றன.

ஊரில் சித்திர பாடத்தில் தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பழக்கம் இங்கும் எம்மவரோடு வந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், மணிக்கூட்டு முகப்பில் இருளில் ஒளிரும் ரேடியம் வர்ணம் பூசிய இளம் பெண்களுக்கு இப்படித்தான் தூரிகையைக் கூராக்கப் பழக்கியிருந்தார்கள். 1920களில் அவர்களில் பலருக்குத் தாடையெலும்பு அழுகியது. பலர் இறந்துபோனார்கள். இன்றைய வர்ணத்தில் ரேடியம் இல்லை. ஆனாலும் தூரிகை வாய்க்குள் போகக் கூடாது. விரல் நுனியாலோ ஈர ஸ்பொஞ்சாலோ கூராக்குங்கள். வரையும் மேசையில் வடை, தேநீர் வேண்டாம். எழும்பிக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

எதில் வரைவது?

காசை மிச்சம் பிடிப்பதானால் வர்ணத்தில் பிடியுங்கள், தூரிகையில் பிடியுங்கள், தாளில் மட்டும் பிடிக்காதீர்கள். கடையில் யாரும் இதைச் சொல்வதாகத் தெரியவில்லை. அச்சு இயந்திரத்துக்கு வாங்கிய வெள்ளைத் தாளில் நீர்வர்ணம் போட்டால் தாள் நெளியும், வர்ணம் குளம் கட்டும், இரண்டாம் தரம் தூரிகை பட்டால் தாள் பொருக்காக உரியும். வரைந்தவர் என்ன நினைக்கிறார்? "எனக்குக் கை வராது." எழுபது வயதில், மொழி தெரியாத ஊரில், ஏற்கெனவே பலவற்றைக் கைவிட்ட ஒருவர் இன்னொன்றையும் கைவிடுகிறார். பிழை தாளில். கையில் அல்ல. பேத்தி வாங்கிய பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறிவிடும்.

தாளின் கனத்தைப் பாருங்கள். சதுர மீற்றருக்கு 300 கிராம் என்று எழுதியிருக்க வேண்டும். பழைய கணக்கில் 140 இறாத்தல் என்றும் போடுவார்கள். 190 கிராம் தாள் மலிவு, ஆனால் நெளியும். மேற்பரப்பு மூன்று வகை: அழுத்தமானது, இடைத்தரமானது, கரடுமுரடானது. இடைத்தரத்தை இங்கே 'நொட்' என்று எழுதுவார்கள். சூடான உருளையில் அழுத்தாதது என்பதுதான் அதன் அர்த்தம். அதைத்தான் வாங்க வேண்டும். அமிலம் இல்லாத தாளா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் சில வருடத்தில் மஞ்சளாகிவிடும். சமசெற்றில் வெல்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள சென்ற் கத்பேர்ட்ஸ் ஆலையில் செய்யும் பொக்கிங்ஃபோர்ட் தாள் தொடங்குபவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு தாளை நாலாகக் கிழித்துப் பாவித்தால் செலவும் தாங்கும். பின்பக்கத்தையும் பாவியுங்கள்.

அக்ரிலிக்குக்கு கான்வஸ் ஒட்டிய மட்டை போதும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கான்வஸ் தூரிகைக்குக் கீழே துள்ளும். கை நடுங்குபவர்களுக்கு மட்டைதான் உறுதி. வாங்கும்போது வெள்ளைப் பூச்சு பூசியதா என்று பாருங்கள். சோற்றுத் தட்டளவில் தொடங்குங்கள். பெரிய கான்வஸ் தொடங்குபவரைப் பயமுறுத்தும்.

இனி ஓர் எச்சரிக்கை. சில அப்பாமார் கைவேலையில் கெட்டிக்காரர். தெருவில் எறிந்த பழைய கதவுப் பலகை, அலுமாரித் தட்டு என்று கொண்டுவந்து, உரஞ்சி, அதில் வரையலாம் என்று நினைப்பார்கள். செய்யாதீர்கள். லண்டனின் பழைய வீடுகளில், முக்கியமாக 1960களுக்கு முன் பூசிய பெயின்ற்றில் ஈயம் இருக்கும். பொதுப் பாவனைக்கான பெயின்ற்றில் இருந்து அது முற்றாக நீக்கப்பட்டது 1992இல்தான். மண்கடதாசியால் உரஞ்சும்போது எழும் தூசு கம்பளத்தில் படியும். அதில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். சிறு பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் செய்யும் கெடுதியைப் பிறகு திருத்த முடியாது. எம்.டி.எஃப். பலகையை வீட்டுக்குள் அரிவதும் நெஞ்சுக்குக் கூடாது. அளவாக வெட்டிய மட்டையை வாங்குவது மலிவு.

கண்ணும் கையும்

பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேக்கு 1912இல் இரு கண்ணிலும் புரை என்று சொன்னார்கள். அடுத்த பத்து வருடத்தில் அவருடைய குளத்துத் தாமரைகள் செம்மஞ்சளாகவும் மண்நிறமாகவும் மாறிக்கொண்டு போயின. 1923இல் வலது கண்ணில் சத்திரசிகிச்சை செய்த பின்தான் நீலத்தை மறுபடி கண்டார். உங்கள் அம்மா வானத்துக்குப் பச்சை அடித்தால் சிரிக்காதீர்கள். கண்ணைப் பரிசோதிக்கக் கூட்டிப்போங்கள். இங்கிலாந்தில் அறுபது வயதுக்கு மேல் என்.எச்.எஸ். கண் பரிசோதனை இலவசம், நீரிழிவு உள்ளவர்களுக்கு எந்த வயதிலும் இலவசம். நீரிழிவு விழித்திரைப் பரிசோதனைக்கு வரும் கடிதம் வேறு. அதையும் தவறவிட வேண்டாம். வரைவதற்கு யன்னலோரம் நல்லது. மாலை நாலு மணிக்கே இருட்டும் மாதங்களில் பகல் வெளிச்ச நிற மின்குமிழ் ஒன்று போடுங்கள். மஞ்சள் குமிழின் கீழ் நிறங்கள் பொய் சொல்லும்.

விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு மெல்லிய தூரிகைக் கம்பைப் பிடிப்பதே வேதனை. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் ஸ்பொஞ்சுக் குழாயில் ஒரு சாண் துண்டு வெட்டி, கம்பில் செருகிவிடுங்கள். பிடி தடிப்பாகும், விரல் இறுக்க வேண்டியதில்லை. கை நடுக்கம் என்றால் முழங்கையை மேசையில் ஊன்றி, பெரிய தூரிகையால், தோளில் இருந்து அசைத்து வரையுங்கள். நடுக்கம் புதிதாக வந்திருந்தால், அல்லது ஒரு கையில் மட்டும் இருந்தால், முதலில் ஜீ.பி.யிடம் காட்டுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் எழும்பி நடக்கவும் வேண்டும்.

போரையும் இழப்பையும் பார்த்து வந்தவர்களிடம், "அந்த நாளை வரையுங்கோ, மனம் ஆறும்" என்று தூண்டுபவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் வேண்டாம். அது பயிற்சி பெற்ற கலைச் சிகிச்சையாளரின் வேலை. இங்கே அது சட்டப்படி பதிவு பெற்ற தொழில். வீட்டில் வாழைப்பழமோ பூச்சாடியோ எது விருப்பமோ அதை வரையட்டும். வரையும்போது பழைய காட்சிகள் வந்து தூக்கம் கெடுவதாக இருந்தால் ஜீ.பி.யிடம் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்பது உங்கள் உரிமை. மகனோ மகளோ நடுவில் இருந்து சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தூரிகை கழுவும் தண்ணீரைத் தேநீர்க் கோப்பையில் வைக்காதீர்கள். பக்கத்தில் தேநீரும் இருக்கும், கை மாறி எடுத்துக் குடிப்பது நடக்கிற காரியம். மறதி நோய் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம். ஜாம் போத்தல் ஒன்றை ஒதுக்கி, அதற்கென்றே வைத்திருங்கள்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பை வாளியில் எறியக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து சூடாகும். கசங்கிய துணிக்குள் சூடு அடைபட்டுத் தானாகவே தீப்பற்றலாம். தண்ணீரில் கலக்கும் எண்ணெய் வர்ணத்துக்கும் இது பொருந்தும். துணியை வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகரத்தில் போடுங்கள். வீட்டில் ஒட்சிசன் சிலிண்டர் பாவிப்பவர் அருகே எண்ணெய் வர்ணமோ கரைப்பானோ இருக்கவே கூடாது.

பிள்ளை நீர்வர்ணத்தைச் சிறிது விழுங்கிவிட்டால் பதற வேண்டாம். வாயைக் கழுவி, தண்ணீர் கொஞ்சம் கொடுத்து, 111க்கு அழைத்துக் கேளுங்கள். ரேர்ப்பன்ரைன், வைற் ஸ்பிரிற் விழுங்கினால் கதை வேறு. வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து கூடும். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். மூச்செடுக்கக் கஷ்டப்பட்டாலோ மயங்கினாலோ 999. போகும்போது ரியூபையோ போத்தலையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். பின்பக்கத்தில் உள்ள அந்தச் சிறிய எழுத்தைத்தான் அங்குள்ள வைத்தியர் முதலில் கேட்பார்.